நரி மலைக்கு என்ன விலை?

பதுளை ரயிலில் வருகிற சுற்றுலாப் பயணிகள் தியத்தலாவையில் இறங்குவதில்லை. அவர்கள் எல்லவுக்குச் சீட்டு எடுத்தவர்கள். கதவோரம் தொங்கியபடி படம் எடுப்பதில் மும்முரமாக இருப்பார்கள். என்னோடு இறங்கியவர்கள் விடுப்பு முடிந்து முகாமுக்குத் திரும்பும் சிப்பாய்கள் சிலரும், பெரிய பை ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொண்ட ஓர் அம்மாளும்தான். ஆகஸ்ட் மாதம். பட்டிப்பொலையில், கடல் மட்டத்திலிருந்து 1,891 மீட்டர் உயரத்தில், மழையும் மூடுபனியுமாக இருந்தது. அதைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தால் பளீரென்று வெயில். ஊவாவின் வறண்ட காற்று அடிக்கிற பருவம் இது. தேயிலைக்கு நல்ல வாசம் ஏறும், நல்ல விலையும் கிடைக்கும் என்று கொழும்பு ஏலக்காரர்கள் காத்திருக்கிற மாதங்கள்.

தியத்தலாவையைச் சுற்றி மட்டும் தேயிலை அவ்வளவாக இல்லை. ஹப்புத்தளை வரை மலையை மூடிக்கொண்டு வந்த பச்சை இங்கே விட்டுப்போய், புல் மேடுகளும் யூகலிப்டஸ் தோப்புகளுமாக ஆகிவிடுகிறது. வெள்ளைக்காரன் இந்த மேடுகளைத் தேயிலைக்கு எடுக்காமல் ராணுவத்துக்கு எடுத்துக்கொண்டான். 1900இல் தென்னாப்பிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்து, சுமார் 5,000 பேரை இங்கேதான் அடைத்து வைத்தார்கள். பின்னால் 'ஃபாக்ஸ்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாலுமிகள் இந்த மலைக்கு வந்து தங்கியபோது, சரிவில் வெள்ளைக் கற்களை அடுக்கி ஒரு நரியின் உருவத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். அதனால் அது ஃபாக்ஸ் ஹில் ஆயிற்று. இப்போது இலங்கை ராணுவக் கழகம் இருக்கிற ஊர் இது. ஃபாக்ஸ் ஹில்லும் ராணுவத்தின் நிலம். அங்கேதான் 1993 முதல் 'ஃபாக்ஸ் ஹில் சூப்பர் கிராஸ்' என்ற கார், பைக் பந்தயம் நடந்துவந்தது.

நான் தொழிலால் கணக்குத் தணிக்கைக்காரன். சின்ன வயதிலிருந்து பந்தயப் பைத்தியமும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் புத்தி ஒரு மாதிரிதான் வேலை செய்யும். முகாம் எல்லைக்கு வெளியே சாலையோரம் நின்று அந்தச் செம்மண் வளைவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இந்தப் பந்தயத்தை யாராவது விலைக்குக் கேட்டால் எதைக் கொடுப்பார்கள் என்ற கேள்விதான் வந்தது. தடம் ராணுவத்துடையது. மேடு போட்டது, மண் இறுக்கியது, கயிறு கட்டியது, கூட்டத்தை ஒழுங்கு செய்தது எல்லாம் சிப்பாய்கள். அவர்களுக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது. வண்டிகள் ஓட்டுகிறவர்களுடையவை. விதிமுறை, நடுவர், நேரக்கணக்கு என்று பந்தயத்தைப் பந்தயமாக்குகிற வேலையை ராணுவத்தோடு சேர்ந்து செய்துவந்தது 'ஸ்ரீலங்கா ஆட்டோமொபைல் ஸ்போர்ட்ஸ்' என்ற அமைப்பு. விளம்பரப் பலகைகள் ஸ்பான்சர் கம்பெனிகளுடையவை. ஒவ்வொருவரும் தங்கள் பொருளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் மிச்சம் இருப்பது ஏப்ரல் மாதத்தில் ஒரு தேதியும் ஒரு பெயரும்தான்.

இலங்கையில் பெரிய மண்தடப் பந்தயங்கள் பலவும் இப்படித்தான் அமைந்திருக்கின்றன. மின்னேரியாவில் பீரங்கிப் படை, அநுராதபுரத்துக்குப் பக்கத்தில் சாலியபுரவில் கஜபா படைப்பிரிவு, தியத்தலாவையில் ராணுவக் கழகம். சொந்த நிலம் வாங்கித் தடம் போட்டுக் கட்டுபடியாக்குகிற அளவுக்கு இந்தத் தீவில் பந்தயத்தில் பணம் புரள்வதில்லை. நிலத்தையும் ஆளையும் கணக்கில் காட்டாமல் கொடுக்கக்கூடிய ஒரே தரப்பு ராணுவம்தான். அந்த இரண்டுக்கும் சந்தை விலை போட்டு ஒரு வரவு செலவுக் கணக்கு எழுதிப் பார்த்தால், ஒரு வருஷம்கூட லாபம் வந்திருக்காது என்று துணிந்து சொல்வேன்.

நுவரெலியாப் பக்கத்து வழி வேறு. மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. ஆசியாவிலேயே பழைய மோட்டார் பந்தயங்களில் ஒன்று என்று அவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதற்குத் தடமே வேண்டாம். தேயிலைத் தோட்டத்து ரோட்டை ஒரு நாளைக்கு மூடி, ஒவ்வொரு காராக மேலே விட்டு, யார் சீக்கிரம் ஏறினார்கள் என்று நேரம் குறிப்பார்கள். ராதெல்லயிலும் அப்படித்தான். அந்தக் காலத்துத் துரைமாருக்குத் தோட்டமும் அவர்களுடையது, ரோடும் அவர்களுடையது, காரும் அவர்களுடையது. செலவு என்று பார்த்தால் பெட்ரோலும் மாலையில் கிளப்பில் குடித்ததும்தான் இருந்திருக்கும்.

தியத்தலாவை டவுனில் ஒரு தேநீர்க் கடை. கடைக்காரர் ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். பந்தயத்தைப் பற்றிக் கேட்டதும் முதலில் கொஞ்சம் தயங்கினார். பிறகு பேச ஆரம்பித்ததும் நிறுத்தவில்லை.

"ஐயா, இங்க வருஷத்துல மத்த நாளு ஆமிக்காரங்க யாவாரம்தான். பந்தயத்தன்னைக்கு மட்டும் ராத்திரி மூணு மணிக்கே கடையத் தொறக்கணும். பண்டாரவளை, பதுளை, வெலிமடை, பசறை, எங்க இருந்தெல்லாம் லொறி புடிச்சு வருவாங்க. ரூம் கெடைக்காது. வீட்டு முத்தத்துல வண்டிய நிப்பாட்ட எடங்குடுத்தே காசு பார்த்தவங்க இருக்காங்க."

ரொட்டி, கடலை, அவித்த சோளன், ஐஸ்கிரீம், தொப்பி, த்ரீவீலர் வாடகை. தியத்தலாவைப் பந்தயத்தில் நிச்சயமாக லாபம் பார்த்தவர்கள் இவர்கள்தான். எந்தப் பந்தய அமைப்பின் கணக்குப் புத்தகத்திலும் இவர்கள் வரமாட்டார்கள்.

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா, பிறகு பெட்ரோலுக்கு க்யூஆர் கோடு காட்டி வரிசையில் நின்ற பொருளாதார நெருக்கடி. ஐந்து வருஷம் பந்தயம் நடக்கவில்லை. 2024 ஏப்ரல் 21 ஞாயிற்றுக்கிழமை மறுபடி நடந்தபோது, கூட்டம் வரவேண்டும் என்பதற்காக நுழைவு இலவசம் என்று ராணுவம் அறிவித்தது. அப்போது தோட்டத்தில் நாட்கூலி 1,000 ரூபாய். நாலு பேர் உள்ள குடும்பம் டிக்கெட் இல்லாமல் ஒரு நாள் முழுக்கப் பார்க்கலாம் என்றால் யார்தான் வீட்டில் இருப்பார்கள்? பல்லாயிரக்கணக்கில் வந்தார்கள். பிற்பகல் ஓட்டம் ஒன்றில் ஒரு கார் தடத்தை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஒன்று எட்டு வயதுப் பெண் குழந்தை. பந்தய உதவிக்கு நின்றவர்களும் இறந்தவர்களில் இருந்தார்கள். இருபதுக்கு மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள்.

கடைக்காரர் அந்த நாளைப் பற்றிச் சொன்னது ஒரு வரிதான். "ஆம்புலன்ஸ் சத்தம் ராத்திரி வரைக்கும் நிக்கல ஐயா." நான் மேலே கேட்கவில்லை.

ஆனால் கணக்குக்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். பந்தயத்தில் பார்வையாளருக்கும் காருக்கும் நடுவில் இருக்கிற தூரத்துக்கு ஒரு விலை உண்டு. இரும்புத் தடுப்பு, டயர் அடுக்கு, இரண்டாம் வேலி, பயிற்சி பெற்ற கொடிக்காரர்கள், இன்சூரன்ஸ், தயார் நிலையில் மருத்துவர். டிக்கெட் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இந்தச் செலவு உண்டு; கூட்டம் கூடினால் இதுவும் கூடும். வரவுப் பக்கத்தில் டிக்கெட் என்ற வரியை எடுத்துவிட்டால், இந்தச் செலவை யார் தலையில் எழுதுவது என்பதை முதலிலேயே தீர்மானித்திருக்க வேண்டும். உலகத்தில் எந்த மண்தடத்திலும் இதுதான் முதல் கேள்வி.

அன்று மாலை பண்டாரவளைக்குப் போனேன். தூரம் அதிகமில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு போவதற்குள் இங்கிலாந்து ஞாபகம் வந்துவிட்டது.

அங்கே 'ஸ்பீட்வே' என்று ஒரு பந்தயம் இருக்கிறது. நம் ஊரில் யாருக்கும் அதிகம் தெரியாது. நீள்வட்ட மண் தடம். நாலு பேர், நாலு சுற்று. 500 சிசி பைக், மெத்தனாலில் ஓடும், பிரேக்கே கிடையாது. வளைவில் பின்சக்கரத்தை வழுக்கவிட்டு, பைக்கை ஏறக்குறையக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு திரும்புவார்கள். ஒரு நிமிஷத்தில் ஓட்டம் முடிந்துவிடும். ஆஸ்திரேலியாவில் 1920களில் உருவாகி 1928இல் இங்கிலாந்துக்குப் போனது. கால்பந்து மாதிரி ஊருக்கு ஒரு கிளப், அதற்கு ஒரு லீக்.

இந்தக் கிளப்புகள் அடிக்கடி கை மாறும். வாங்குகிறவருக்கு என்ன கிடைக்கிறது? பெயர், சின்னம், லீக்கில் ஓர் இடம், தடத்தைச் சீர்செய்கிற டிராக்டர், விழுந்தால் அடிபடாமல் இருக்கக் காற்றடைத்த தடுப்பு, பாக்கிக் கடன். நிலம் கிடைக்காது. பெரும்பாலான கிளப்புகள் நாய்ப் பந்தய மைதானத்திலோ வேறு யாருடைய இடத்திலோ வாடகைக்கு ஓட்டுகின்றன. கேட் வசூல் கிளப்புக்கு, பீர் விற்ற காசு மைதானக்காரருக்கு என்கிற ஏற்பாட்டைப் பற்றிய புலம்பலை அந்த உலகத்தில் எங்கும் கேட்கலாம். ஓட்டுகிறவர்களுக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று பணம். பைக்கும் எஞ்சின் செலவும் அவர்கள் பாடு. ஒரு சாயங்காலம் மழை பெய்து ஆட்டம் நின்றால் அந்த வாரத்து வரவு போயிற்று, வாடகை போகாது. இப்படிப்பட்ட வியாபாரத்துக்கு லாபத்தை வைத்து விலை போட முடியாது. ஒரு கிறுக்கனிடமிருந்து இன்னொரு கிறுக்கன் வாங்குகிற விலைதான் விலை.

நிலத்துக்காரர் மனம் மாறினால் அதுவும் இல்லை. மான்செஸ்டரின் பெல் வ்யூ மைதானம் 1987இல் கார் ஏலக் கம்பெனியிடம் போனது. கவன்ட்ரி கிளப் 1920களிலிருந்து ஓடியது. மைதானத்தில் வீடு கட்ட வேண்டும் என்று வாங்கினார்கள், 2016 சீசனோடு ஓட்டம் நின்றது. பீட்டர்பரோவிலும் வுல்வர்ஹாம்டனிலும் 2023 கடைசி. பெயர் பெற்ற கிளப்புகள், ரசிகர்கள் இருந்தார்கள், கோப்பைகள் இருந்தன. குத்தகையைப் புதுப்பிக்க மாட்டேன் என்ற ஒரு கடிதத்தில் மதிப்பு பூஜ்யமாகிவிட்டது. போலந்தில் மட்டும் கதை வேறு. அங்கே மைதானத்தை நகராட்சி கட்டிக் கொடுக்கிறது. டோருன் நகரம் 2009இல் திறந்த மைதானத்தைப் படத்தில் பார்த்தால் கால்பந்துக்குக் கட்டியதோ என்று தோன்றும். லுப்ளின் கிளப்புக்கு டிக்கெட் கிடைப்பதே கஷ்டம். அடியில் இருக்கிற நிலம் கைவிட்டுப் போகாது என்ற தைரியத்தில்தான் ஸ்பான்சரும் டிவியும் பணம் போடுகிறார்கள்.

பழைய பிரிட்டிஷ் கிளப்புகளின் புத்தகத்தில் இன்னொரு சொத்தும் இருந்தது. ஓட்டுகிற பையன்களேதான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பையன் அந்தக் கிளப்பின் சொத்து. வேறு கிளப்புக்கு ஓட வேண்டுமென்றால் விலை கொடுத்து மாற்ற வேண்டும், அல்லது சீசனுக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடலாம். மைதானம் போய்க் கிளப் மூடிய பிறகும் இந்தப் 'பையன் சொத்து'களை வைத்துக் காசு பார்த்த முதலாளிகள் உண்டு.

பண்டாரவளையில் தங்கியிருந்தபோது பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைச் சந்தித்தேன். தோட்டப் பள்ளியிலேயே படித்து அங்கேயே வாத்தியாராக இருந்தவர். காலைப் பெரட்டு முடிந்து பெண்கள் கொழுந்துக் கூடையோடு மலை ஏறிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுகிறவனைச் சொத்தாக எழுதுகிற கதையை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "இதுல என்ன புதுசு சேர்? எங்க தாத்தாவத் துண்டுல எழுதி மாத்துனாங்களே" என்றார்.

படித்திருக்கிறேன், ஆனால் வாழ்ந்தவர்களின் வீட்டில் உட்கார்ந்து கேட்டதில்லை. இந்தியாவிலிருந்து கங்காணி ஆள் கூட்டிக்கொண்டு வரும்போதே வழிச்செலவு, சாப்பாடு, கம்பளி என்று ஆளுக்கு ஒரு கடன் ஏறிவிடும். தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததும் அந்தக் கடன் தோட்டத்துக்கு வரவேண்டிய பாக்கி; கணக்கில் சொத்துப் பக்கத்தில் நிற்கும். கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், இத்தனை பேர், இவ்வளவு கடன், கட்டினால் விடுவிக்கிறோம் என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அதுதான் துண்டு. புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீராது, கடன்காரன்தான் மாறுவான். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். பைக் ஓட்டுகிறவன் ஆசைப்பட்டு வந்தவன், கொழுந்து எடுக்க வந்தவன் பஞ்சத்தில் வந்தவன். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிற அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுவிடவில்லை. ஆனால் பேரேட்டில் எழுதுகிற விதம் ஒன்றுதான். நிலம் நிச்சயமில்லாதவன் ஆளைச் சொத்தாக எழுதுவான் என்று எங்கள் தொழிலில் யாரும் சொல்லித் தந்ததில்லை. நிலம் கையில் இருந்தவனும் அப்படியே எழுதியிருக்கிறான் என்று அந்த ஆசிரியர் வீட்டுத் திண்ணையில்தான் உறைத்தது.

இப்போது தோட்டக் கம்பெனிகளுக்கே நிலம் கிடையாது. 1972லும் 1975லும் நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. நஷ்டம் தாங்காமல் 1992இல் 22 பிராந்தியத் தோட்டக் கம்பெனிகளாகப் பிரித்துத் தனியார் நிர்வாகத்துக்கு விட்டது. முதலில் ஐந்து வருஷ நிர்வாக ஒப்பந்தம்தான். ஐந்து வருஷத்துக்கு எவன் செடி நடுவான்? பிறகு குத்தகையை 53 வருஷமாக்கி, 51 சதவீதப் பங்குகளை விற்றார்கள். நிலம் அரசுடையது; பொன் பங்கு என்று ஒன்று திறைசேரிச் செயலாளர் பெயரில் இருக்கிறது. மடூல்சீமை மாதிரி இந்தப் பக்கத்து ஊர்ப் பெயரைத் தாங்கிய கம்பெனிகளின் பங்குகள் கொழும்புச் சந்தையில் தினமும் கை மாறுகின்றன. அந்தப் பங்கை வாங்குகிறவன் உண்மையில் வாங்குவது 2045 வரை கொழுந்து பறிக்கிற உரிமையைத்தான்.

2045க்கு இன்னும் ஏறக்குறைய இருபது வருஷம்தான். தேயிலையைப் பிடுங்கி மறுநடவு செய்தால் சில வருஷம் வருமானமே இல்லை. போட்ட பணம் திரும்ப வர அதற்கு மேலும் பல வருஷம். வருஷத்துக்கு 2 சதவீதமாவது மறுநடவு செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். குத்தகை முடிகிற தேதி கிட்டே வர வர அதைச் செய்ய யாருக்கும் கை வராது. ஆசிரியர் வீட்டுக்குப் பின்னால் சரிவில் இருந்த செடிகளின் அடிமரம் என் தொடையளவு தடித்து முறுக்கிக்கொண்டு கிடந்தது. வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலை என்றார்.

லயத்துக்காரர்கள் கதை இதற்கும் கீழ். ஐந்தாறு தலைமுறை இருந்த அறை யாருடையது என்று கேட்டால் கம்பெனி, கம்பெனியைக் கேட்டால் அரசு. கடந்த பத்து வருஷத்தில் சில குடும்பங்களுக்கு 7 பேர்ச்சஸ் காணி கொடுத்து, இந்திய உதவியிலும் அரசுச் செலவிலும் தனி வீடு கட்டியிருக்கிறார்கள். 7 பேர்ச்சஸ் என்றால் சுமார் 1,900 சதுர அடி. சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டுக்கும் குறைவு. புதுத் திட்டங்களில் 10 பேர்ச்சஸ் என்கிறார்கள். ஆசிரியருக்கு வீடு கிடைத்துவிட்டது. உறுதிப் பத்திரம் வந்துவிட்டதா என்று கேட்டேன். "அது வரும்" என்றார். எத்தனை வருஷமாக அந்தப் பதிலைச் சொல்லிப் பழகியிருக்கிறார் என்பது குரலிலேயே தெரிந்தது.

சோழவரத்தைப் பற்றிச் சொல்லாமல் நான் பதுளை போய்ச் சேர முடியாது. சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் வருஷா வருஷம் பந்தயம் நடத்தியது. வெயிலில் தார் உருக, சவுக்குக் கட்டைத் தடுப்புக்குப் பின்னால் சனம் நெருக்கியடித்து நிற்கும். கரிவர்தன், விக்கி சந்தோக், விஜய் மல்லையா எல்லாம் ஓட்டிய இடம். அதுவும் அடுத்தவன் நிலம்தான், பாதுகாப்புத் துறையுடையது. தியத்தலாவைக்கும் அதற்கும் அந்த வகையில் வித்தியாசமே இல்லை. ஆனால் அந்தக் கிளப்பில் கணக்குப் புரிந்தவர்கள் இருந்திருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்த நிலம் பிடித்துத் தடம் போட்டு, 1990இல் திறந்துவிட்டார்கள். அப்போது அது பொட்டல் காடு. இவ்வளவு தூரம் வந்து எவன் பார்ப்பான் என்று நானே பேசியிருக்கிறேன். 1998இல் பக்கத்திலேயே ஹூண்டாய் தொழிற்சாலை ஓட ஆரம்பித்தது. இன்றைக்கு அந்த நெடுஞ்சாலையோரத்தில் ஓர் ஏக்கர் என்ன விலை என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பந்தயத்தில் நூறு வருஷம் டிக்கெட் விற்றாலும் அந்தப் பணம் வராது. அதனாலேயே ஒரு சங்கடமும் இருக்கிறது: நிலத்துக்கு ஏறுகிற ஒவ்வொரு ரூபாயும், இங்கே எதற்குக் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்கும். உறுப்பினர்கள் சேர்ந்து நடத்துகிற கிளப் என்பதால்தான் அது தப்பித்து நிற்கிறது என்பது என் எண்ணம். லாபத்தைப் பங்கு போட்டு எடுத்துக்கொள்ள முடியாத இடத்தில் விற்கிற ஆசையும் குறைவாக இருக்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பந்தயக் கம்பெனியும் நிலம் இல்லாததுதான். ஃபார்முலா ஒன்னை 2017இல் லிபர்ட்டி மீடியா எடுத்தபோது போட்ட மொத்த மதிப்பு 800 கோடி டாலர். அந்த விலைக்கு அடியில் இருந்தது ஒளிபரப்பு, விளம்பரம், நடத்தும் உரிமை. அதையும் உலக மோட்டார் சம்மேளனம் 100 வருஷக் குத்தகைக்கு விட்டிருக்கிறது. ஊவாத் தோட்டக் கம்பெனிக்கு 53, ஃபார்முலா ஒன்னுக்கு 100. கவன்ட்ரிக்காரன் மைதானக் குத்தகை அடுத்த வருஷம் புதுப்பிப்பார்களா என்று தெரியாமல் ஓட்டினான். ஃபாக்ஸ் ஹில்லுக்குக் குத்தகைச் சீட்டு என்று ஒன்றே தேவைப்படவில்லை. ராணுவம் நடத்தினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வாங்குகிறவன் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டியது குத்தகையில் இன்னும் எத்தனை வருஷம் மிச்சம் என்பதைத்தான்.

பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு மறுபடி ரயிலேறினேன். எல்லவில் பெட்டி காலியாயிற்று. தெமோதரவில் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம். மலையைச் சுற்றி இறங்கிய ரயில் தான் நின்ற நிலையத்தின் கீழே புகுந்து போகிறது. 1924இல் பதுளைக்குப் பாதை வந்து சேர்ந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பையன்கள் அந்த வளைவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஒருவன் போனில் இன்னொருவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தது மோட்டோஜிபி வீடியோ.

பதுளை பண்டாரவளையைவிட வெக்கையான ஊர். பசறை பஸ்கள் புறப்படுகிற பக்கம், உள்ளே தள்ளி ஒரு கராஜ். தேநீர்க் கடைக்காரர் சொல்லி அனுப்பிய இடம். மெக்கானிக்குக்கு ஐம்பது வயதிருக்கும். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்து ஆள். பதினைந்து வயதில் கொழும்புக்குக் கராஜ் வேலைக்குப் போய், பந்தய வண்டி கட்டுகிற ஒரு சிங்கள முதலாளியிடம் தொழில் கற்று, ஊரோடு திரும்பி வந்தவர். தியத்தலாவைப் பந்தயம் என்றால் கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வருகிறவர்களுக்குப் பிட்டில் சாமான் மாற்றிக் கொடுக்க இவர்தான் போவார். வாசலுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் மூடி ஒரு பழைய ஃபோர்ட் லேசர் நின்றது. இலங்கையில் இந்த வண்டிக்கென்றே மஸ்டாவோடு சேர்த்துத் தனிப் பந்தயப் பிரிவு உண்டு.

தார்ப்பாயை விலக்கிக் காட்டினார். உள்ளே ஓட்டுகிறவர் சீட்டு ஒன்றுதான். மற்றதெல்லாம் பிடுங்கி எடுத்து, குழாயை வளைத்து வெல்டிங் செய்த கூண்டு. வெல்டிங் தையல் ஒவ்வொன்றும் மீன் செதில் போல ஒரே அளவு. கதவுக்குள் தகரத்தைத் தவிர ஒன்றுமில்லை. டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் காட்டுகிற ஒரு கடிகாரம் மட்டும் புதுசாகப் பளபளத்தது. முன்சக்கர வளைவின் உள்பக்கம் காய்ந்த செம்மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் சுரண்டினால் கட்டியாக விழுந்தது.

"யாரு வண்டி அண்ணே?"

"கண்டிக்காரர் ஒருத்தர். ரெண்டாயிரத்து இருபத்து நாலுக்குப் பொறகு போதும்னு சொல்லிட்டாரு. வித்துக் குடுன்னாரு."

"செலவு எவ்வளவு ஆகியிருக்கும்?"

"அதக் கேக்காதீங்க. ஒரு சீசனுக்கு டயரே மூணு செட். ஷொக் எப்சோபர் உள்ளூர்ல கெடைக்கிறது தாங்காது, வெளியில இருந்து வரணும். ஜெயிச்சா கப் குடுப்பாங்க. கப்ப வச்சு எஞ்சின் ஓயில்கூட வாங்கேலாது."

"விலை என்ன சொல்றாரு?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். வண்டி இறக்குமதி 2020 முதல் நின்றுபோய், சொந்தக் கார்களை 2025 பிப்ரவரியில்தான் மறுபடி விட்டார்கள். இடையில் துருப்பிடித்த பழைய கார் எல்லாம் தங்கம் மாதிரி விலை ஏறியது. அந்தச் சமயத்தில் இந்த லேசருக்கும் ஒருவர் வந்து நல்ல தொகை சொன்னாராம்.

"எல்லாம் பாத்தாரு. எஞ்சின் ஸ்டாட் பண்ணிக் காட்டினேன், சந்தோசப்பட்டாரு. கடைசில புக் எங்கன்னு கேட்டாரு. பந்தய வண்டிக்கு யாரு வருசா வருசம் லைசன் எடுத்து வச்சிருக்காங்க? புக் எங்கயோ போச்சு. புக் இருந்தா ரோட்டு வண்டி, அதுக்கு ஒரு வெல. புக் இல்லாட்டி கிலோ கணக்கு."

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"சனிக்கிழம அநுராதபுரத்துல இருந்து ஒரு பார்ட்டி வருது. எஞ்சினும் கியர்பொக்ஸும் எடுத்துக்குவாங்க. சாலியபுர ஓட்டத்துக்கு வேணுமாம். கூண்ட வெட்டித் தந்தா அதையும் எடுக்கிறன்னு சொன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன். அது நான் அடிச்ச வெல்டிங். பொடிய வேணும்னா யாராச்சும் தோட்டத்துக்குக் கொண்டு போகட்டும், கதவ மூடிட்டா இருபது கோழி அடைக்கலாம்."